பங்கு ஏட்டில் வாழும் பரம்பரை

அரசர்களுக்கு மெய்க்கீர்த்தி உண்டு; பெருங்குடியினருக்குக் கொடிவழிப் பட்டயம் உண்டு. காடு வெட்டிக் கழனி திருத்திய குடியானவனுக்கும், மரம் அறுத்துப் பிழைத்த தச்சனுக்கும், கைப்பொருள் ஏதுமின்றிக் கப்பலேறிய அநாதைப் பெண்ணுக்கும் என்ன உண்டு? உலகின் பெரும்பாலான நாடுகளில் இவ்வினாவுக்கு விடை ஒன்றே, அவர்க்கு ஒன்றுமில்லை. எளியோரின் பெயர் மூன்று தலைமுறைக்கு மேல் நினைவில் நிற்பதில்லை. தம் பூட்டனின் பெயரை அறிந்தவர் சிலர். பூட்டியின் பெயரை அறிந்தவர் அவரினும் சிலர்.

இப்பொது விதிக்குப் புறனடையாக அமைந்த மக்களுள் பிரெஞ்சுக் கனேடியர் குறிப்பிடத்தக்கவர். கனடாவின் கியூபெக் மாகாணத்திற் பழைய பிரெஞ்சுக் குடியிற் பிறந்த ஒருவர், தம் தந்தை வழியையும் தாய் வழியையும் 17ஆம் நூற்றாண்டு வரை, பெயர் பெயராக, மணம் மணமாகப் பின்தொடர்ந்து செல்வது அரிய செயலன்று. அவர் பிரபு குலத்தவராக இருத்தல் வேண்டியதில்லை. அவருடைய முன்னோர் எழுத்தறிவு பெற்றிருத்தலும் வேண்டியதில்லை. இப்பேறு அவர்க்கு எவ்வாறு வாய்த்தது? அப்பேற்றினுள் அடங்காது விடுபட்டோர் யாவர்? இவ்விரு வினாக்களையே இக்கட்டுரையில் ஆராய விழைகின்றேன்.

சிறு குடியும் பெருஞ் சந்ததியும்

1608ஆம் ஆண்டிற் சாம்பிளேன் என்பார் சென் லோரன்ஸ் நதிக்கரையிற் கியூபெக் நகருக்கு அடிகோலினார். 1617இற் பாரிசிலிருந்து மருந்து வணிகர் லூயி ஏபேர், தம் மனைவி மாரி ரொலேயுடனும் மக்கள் மூவருடனும் அங்கு வந்து குடியேறினார். குடும்பத்தோடு வந்து நிலம் பண்படுத்தி வாழ்ந்த முதல்வர் அவரே என்பர். 1634இல் துருவா ரிவியேரும், 1642இல் மொன்றியலும் தோன்றின. எனினும் குடியேற்றம் மெதுவாகவே வளர்ந்தது. 1663இல் மன்னர் 14ஆம் லூயி அந்நாட்டைத் தம் நேரடி ஆட்சியின்கீழ்க் கொணர்ந்தபோது, அங்கிருந்த பிரெஞ்சு மக்கள் ஏறத்தாழ 3,000 பேரே.

அதன் பின்னர் இரண்டு நிகழ்ச்சிகள் அக்குடியை வளர்த்தன. 1663 முதல் 1673 வரையுள்ள பத்தாண்டுகளில், ஏறத்தாழ 800 இளம் பெண்கள் அரச செலவில் அங்கு அனுப்பப்பட்டனர். பலர் தந்தையை இழந்தவர். பாரிசின் அறச்சாலையில் வளர்ந்தோரும் அவருட் பலர். ‘மன்னரின் மகளிர்’ என வரலாற்றிற் பெயர்பெற்றோர் இவரே. 1665இல் ஏறத்தாழ 1,200 போர்வீரரைக் கொண்ட கரிஞ்ஞான் சலியேர் என்னும் படை வந்தது. அவருட் சுமார் 400 பேர் படைத்தொழிலை விடுத்து அந்நிலத்திலேயே தங்கினர். 1666இல் தலோன் என்னும் நிருவாக அதிகாரி எடுப்பித்த குடித்தொகைக் கணக்கில் 3,215 பேர் எண்ணப்பட்டனர்.

1759இல் நிகழ்ந்த போரிற் கியூபெக் நகரம் பிரித்தானியர் வசமாயிற்று. 1760இல் மொன்றியல் பணிந்தது. 1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையால் நாடு முழுவதும் கைமாறியது. அக்காலத்தில் அப்பிரெஞ்சு மக்கள் ஏறத்தாழ 70,000 பேராகப் பெருகியிருந்தனர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வந்தோருட் பெரும்பகுதியினர் திரும்பிச் சென்றமையால், நிலைத்து நின்று சந்ததி விட்டோர் தொகை ஏறத்தாழப் 10,000 பேருக்கு உட்பட்டதே. அச்சிறு கூட்டத்தின் வழித்தோன்றல்களே இன்றைய பல இலட்சம் மக்கள். ஆதலின் அங்கே எவ்விரு குடும்பங்களின் வழியையும் போதிய தூரம் பின்னோக்கிச் சென்றால், எங்கேனும் ஒரு பொது மூதாதையைச் சந்தித்தே தீர்வோம்.

இதற்கு ஓர் உதாரணம் காட்டலாம். 1634இற் பிரான்சின் பேர்ஷ் என்னும் பகுதியிலிருந்து சக்காரி குளூத்தியே என்னும் தச்சர் மனைவி மக்களோடு வந்து சேர்ந்தார். அவருக்குக் கையெழுத்திடத் தெரியாது. உறுதிகளின் அடியிற் கோடரி ஒன்றை வரைந்து வைப்பதே அவர் வழக்கம். 1800ஆம் ஆண்டளவில் அவருடைய வழித்தோன்றல்கள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டிருந்தனர் என மொன்றியல் பல்கலைக்கழக ஆய்வாளர் கணித்துள்ளனர். தன் பெயரை எழுத அறியாத ஒருவரின் பரம்பரை இவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருத்தல் வியப்பன்றோ?

எரிந்த ஏடும் இரட்டைப் பிரதியும்

இவ்வியப்பின் விடை பங்குக் கோவில்களின் ஏடுகளில் உள்ளது. ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் பங்குக் குருவானவர் எழுதிவைத்தல் வேண்டும் என்பது பிரான்சின் திருச்சபை மரபு மட்டுமன்று, நாட்டுச் சட்டமுமாகும். 1539ஆம் ஆண்டு அரச கட்டளை ஞானஸ்நானப் பதிவை விதித்தது. 1579ஆம் ஆண்டுக் கட்டளை விவாகத்தையும் அடக்கத்தையும் சேர்த்தது. குடியேறியோர் கடல் கடந்தபோது இவ்வழக்கமும் அவரோடு கடல் கடந்தது.

கியூபெக் நகரில் 1621 முதல் இவ்வாறு பதிவுகள் எழுதப்பட்டன. ஆயின் 1640 யூன் மாதத்தில் அந்நகர்க் கோவில் தீப்பற்றி எரிந்தது. ஏடுகளும் உடன் எரிந்தன. பத்தொன்பது ஆண்டுகளின் பிறப்பும் மணமும் இறப்பும் சாம்பலாயின. குருமார் செய்தது என்ன? உயிரோடிருந்தோரை வினவியும் தம் நினைவைத் துருவியும், இழந்தவற்றுள் இயன்றவற்றை மீண்டும் எழுதினர். இன்று அப்பகுதியை ஆராய்வோர் காண்பது மூல ஏட்டையன்று. மக்களின் நினைவிலிருந்து மீட்டெழுதிய ஏட்டையே.

1667ஆம் ஆண்டில் 14ஆம் லூயியின் கட்டளை ஒன்று, ஒவ்வோர் ஏட்டுக்கும் இரண்டு பிரதிகள் இருத்தல் வேண்டும் என விதித்தது. ஒன்று கோவிலில் இருக்கும். மற்றையது அரச நீதிமன்றத்துக்கு அனுப்பப்படும். புதிய பிரான்சில் 1679 முதல் இது நடைமுறைக்கு வந்தது. ஒன்று தீயால் அழியினும், வெள்ளத்தால் நனையினும், எலியால் அரிக்கப்படினும், மற்றையது பிழைக்கும். இவ்வெளிய ஏற்பாடே பிரெஞ்சுக் கனேடியரின் பரம்பரை வரலாற்றுக்கு அத்திவாரம் என்பது என் துணிபு. ஆட்சி பிரித்தானியரிடம் மாறிய பின்னரும் இவ்வழக்கம் அறவில்லை. 1993ஆம் ஆண்டின் இறுதிவரை கியூபெக் மாகாணத்தில் கோவிலேடே சட்டம் ஏற்ற குடிசார் பதிவாகவும் விளங்கியது. 1994 முதலே அரசாங்கம் அப்பணியை முழுவதும் தன் பொறுப்பில் ஏற்றது.

ஒரு விவாகப் பதிவு

மொன்றியலில் உறவினர் இல்லத்திற் சில திங்கள் தங்கியிருந்த காலத்தில், வரலாறு கற்பித்தவன் என்ற ஆர்வத்தினால், இவ்வேடுகளின் படப்பிரதிகளைப் பார்வையிட்டேன். முதலில் என் கண்ணுக்கு எழுத்துகளே புலப்படவில்லை. கொக்கிகளும் வளைவுகளுமே தென்பட்டன. ஒரே பெயர் ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. எனினும் விவாகப் பதிவின் அமைப்பு ஊருக்கு ஊர் பெரிதும் மாறாதது. அதனை ஒருமுறை விளங்கிக்கொண்டால் ஏனையவற்றை வாசிப்பது எளிதாகும்.

திகதி முதலில் வரும். மூன்று முறை கோவிலில் அறிவித்தல் கூறப்பட்டமையும், தடை எதுவும் எழாமையும் அடுத்து வரும். பின்னர் மணமகனின் பெயர். அவர் இன்னாருக்கும் இன்னாளுக்கும் மகன் என்பது. பெற்றோரின் பங்கும் மறைமாவட்டமும். அவ்வாறே மணமகளின் பெயரும் அவள் பெற்றோரின் பெயர்களும். இறுதியிற் சாட்சிகள், அதன்பின் கையொப்பம், அல்லது கையொப்பமிட அறியார் என்னும் குறிப்பு. இருவரின் பெற்றோர் பெயரும் ஒரே பதிவில் அமைதலால், ஒரு விவாகத்திலிருந்து அதற்கு முந்திய விவாகத்துக்குப் படிப்படியாக ஏறிச் செல்லலாம். மறுமணம் செய்தவராயின் பெற்றோர் பெயருக்குப் பதிலாக இறந்த துணையின் பெயரே பெரும்பாலும் காணப்படும். அப்போது முதல் மணத்தைத் தேடுதல் வேண்டும். நெருங்கிய உறவினர் மணம் புரிவதாயின் மேற்றிராணியாரின் விசேட அனுமதி தேவை. அதனால் உறவுமுறையை நன்கு விசாரித்தறியும் கடமை குருவானவருக்கு இருந்தது.

இவ்வேடுகளில் என்னைப் பெரிதுங் கவர்ந்தது பெண்களின் பெயரே. மணமான பெண்ணும் தன் பிறந்த வீட்டுப் பெயராலேயே எழுதப்படுகின்றாள். அவள் பிள்ளைகளின் ஞானஸ்நானத்திலும், அவர்களின் விவாகத்திலும், அவளுடைய அடக்கத்திலும் அதே பெயர். இங்கிலாந்தின் ஏடுகளில் மணத்தோடு மறைந்துபோகும் பெண், இங்கே கல்லறை வரை தன் பெயரோடு நடந்து செல்கின்றாள். மன்னரின் மகளிராக வந்த ஏழைப் பெண்களை, அவர்தம் பன்னிரண்டாம் தலைமுறை இன்றும் பெயர் சொல்லி அறிவதற்குக் காரணம் இதுவே.

கோவிலேட்டுக்குத் துணையாக நிற்பது நொத்தாரிசின் ஏடு. மணத்துக்கு முன் விவாக ஒப்பந்தம், காணி வாங்கின் உறுதி, இறந்தபின் பொருட்கணக்கு என்று வாழ்வின் ஒவ்வொரு படியிலும் அம்மக்கள் நொத்தாரிசிடம் சென்றனர். அங்கு வழங்கிய சட்டம் ‘பாரிஸ் வழக்கம்’ எனப்படுவது. முன்னோர் வழி வந்த காணியை ஒருவகையாகவும், மணத்தின்பின் கணவனும் மனைவியும் சேர்ந்து ஈட்டியதை வேறொரு வகையாகவும் அது பிரித்தது. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்னும் தேசவழமைப் பாகுபாட்டில் வளர்ந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. காணி எவ்வழியில் வந்தது எனக் கேட்கும் சட்டம் உள்ளவிடத்திற் பரம்பரை அறிவு வளருதல் இயல்பே. ஒரு குடியானவன் இறந்தபின் எழுதிய பொருட்கணக்கில் இரும்புப் பானை, பழைய போர்வை, ஒரு கறவைப்பசு, அடைபடாத கடன் யாவும் வரும். கோவிலேடு அவன் பெயரைத் தருகின்றது. நொத்தாரிசின் ஏடு அவன் வீட்டின் உள்ளே நம்மை அழைத்துச் செல்கின்றது.

பெயருக்குப் பின்னே பெயர்

இவ்வளவு எளிதாயின், தேடுவோர் ஏன் இடறுகின்றனர்? பெயரே அவரை இடறச் செய்கின்றது. படையில் வந்த வீரர்க்குப் பட்டப்பெயர் வைத்தல் பிரெஞ்சுப் படையின் வழக்கம். ஒருவன் லபிளேர், அதாவது மலர். மற்றொருவன் ஜொலிக்கேர், அழகிய இதயத்தான். இன்னொருவன் சான்றெக்கிறே, வருத்தமில்லாதவன். ‘எனப்படுவார்’ என்று பொருள்படும் ‘டி’ என்னும் சொல்லால் இப்பெயர் குடும்பப் பெயரோடு இணைக்கப்பட்டது. காலப்போக்கில் அண்ணன் பிள்ளைகள் பழைய பெயரையும், தம்பி பிள்ளைகள் பட்டப்பெயரையும் கைக்கொண்டனர். ஒரு வயிற்றிற் பிறந்தோரின் சந்ததி இரண்டு குடும்பங்களாகத் தோன்றுவது இதனாலேயே.

1840 முதல் 1930 வரை ஏறத்தாழ 9 இலட்சம் பிரெஞ்சுக் கனேடியர் ஐக்கிய அமெரிக்காவுக்குப் பிழைப்புத் தேடிச் சென்றனர். பலர் நியூ இங்கிலாந்தின் துணியாலைகளில் வேலை செய்தனர். அங்கே வெண்மையைக் குறிக்கும் லெபிளான் ‘வைற்’ ஆனார்; அரசனைக் குறிக்கும் ருவா ‘கிங்’ ஆனார். மொழி மாறியபோது பெயரும் தன் சட்டையை மாற்றிக்கொண்டது.

அத்தகைய ஆலை நகராகிய லோவெலில் 1922இற் பிறந்தவரே எழுத்தாளர் ஜாக் கெரூவாக். அவர் குழந்தையாக வீட்டிற் பேசிய மொழி பிரெஞ்சு. தம் முன்னோரின் மூலத்தைக் காணும் ஆசையால் 1965இற் பாரிசுக்கும் பிரித்தானி மாநிலத்துக்கும் சென்றார். தேடியது கிட்டவில்லை; அப்பயணத்தைப் பற்றிய நூல் மட்டும் 1966இல் வெளிவந்தது. 1969இல் அவர் இறந்தார். 1990களின் இறுதியிலேயே அப்புதிர் அவிழ்ந்தது. 1732இற் கியூபெக் நாட்டில் மணம் புரிந்த அவருடைய மூதாதை, பிறந்த ஊரில் வேறொரு பெயருடையவர். பிரித்தானியின் ஊல்கோவா என்னும் ஊரில் லெ பியான் குடும்பத்து நொத்தாரிசின் மகன். புதிய நாட்டில் அவர் புதுப் பெயர் சூடிக்கொண்டார். நொத்தாரிசின் மகனுக்குத் தெரியாதா, ஏட்டில் எழுதியதே மெய்யாக நிலைக்கும் என்பது!

ஏட்டில் இடம்பெறாதோர்

இதுவரை கூறியன ஏட்டின் பெருமை. அதன் மறுபக்கத்தையும் கூறாதொழிதல் நேர்மையாகாது.

முன்னர்க் குறிப்பிட்ட லூயி ஏபேரின் மகள் கியோமெத், 1621இற் கியோம் குயாரை மணந்தாள். இவ்விருவரின் சந்ததி இன்று கனடா எங்கும் பரந்துள்ளது. இதே வீட்டில் ஒரு சிறுவனும் வாழ்ந்தான். மடகஸ்கார் தீவிலிருந்து கொண்டுவரப்பட்டவன் எனப்படும் அவன், ஆங்கிலேயரின் கப்பலில் வந்து, விற்கப்பட்டு, 1632இல் இவ்வீட்டாரிடம் சேர்ந்தான். 1633இல் ஞானஸ்நானம் பெற்றபோது அவனுக்கு இடப்பட்ட பெயர் ஒலிவியே லெ ஜேன். ஒலிவியே என்பது குடியேற்ற நாட்டு அலுவலர் ஒருவரின் பெயர். லெ ஜேன் என்பது அவனுக்குக் கற்பித்த குருவானவரின் பெயர். அவன் தாய் அவனை என்ன பெயரிட்டு அழைத்தாள் என்பதை எவ்வேடும் கூறவில்லை. 1654இல் அவன் அடக்கம் பதியப்பட்டது. அத்துடன் அவ்வழி முடிந்தது. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த இருவருள் ஒருத்திக்கு முடிவில்லாக் கொடிவழி. மற்றவனுக்கு இரவற் பெயர்.

இவன் தனியன் அல்லன். வரலாற்றாசிரியர் மார்செல் துருதெல் 1960இல் வெளியிட்ட ஆய்வு, பிரெஞ்சுக் கனடாவில் அடிமை முறை நிலவியதை ஆவணங்களால் நிறுவியது. அவர் கண்டறிந்த அடிமைகள் ஏறத்தாழ 4,000 பேர். அவருட் பெரும்பாலோர் கறுப்பினத்தவருமல்லர், ‘பனி’ எனப் பொதுப்பெயரிட்டு அழைக்கப்பட்ட முதற்குடி மக்கள். பலருடைய பதிவிற் பெற்றோர் பெயருக்கு உரிய இடத்தில் எசமானின் பெயரே உள்ளது. ஏடு இவர்களை மறைக்கவில்லை. ஆயின் இவர்களின் வழியை அறுத்து எழுதியது. தூய பிரெஞ்சு இரத்தம் எனப் பெருமை பேசுவோருக்கும் அதே ஏடு விடை கூறும். 1644இலேயே மார்த்தான் பிரேவோ என்னும் பிரெஞ்சுக்காரர் முதற்குடிப் பெண் ஒருத்தியைக் கியூபெக்கிற் கோவில் முறைப்படி மணந்த பதிவு அங்குள்ளது. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் உளர்.

அக்காடியர் கதை வேறுவகைத் துயரம். கிழக்குக் கரையில் வாழ்ந்த இப்பிரெஞ்சுக் குடியினரை 1755 முதல் பிரித்தானியர் நாடுகடத்தினர். ஊர்கள் எரிந்தன, ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் சிதறுண்டனர், ஏடுகளிற் பல அழிந்தன. கிராம் பிரே என்னும் ஊர்க் கோவிலேட்டில் ஒரு பகுதியை அம்மக்கள் தம்மோடு சுமந்து, இறுதியிலே லூசியானா வரை கொண்டுசென்றனர். வேறு சில குடும்பங்கள் இங்கிலாந்திற் பல்லாண்டு காவலில் இருந்து, 1765இற் பிரான்சின் பெல் ஈல் தீவிற் குடியமர்த்தப்பட்டன. 1767இல் அதிகாரிகள் அவ்வக்காடியரைக் குடும்பம் குடும்பமாக அழைத்துச் சத்தியஞ் செய்வித்து, அவர்தம் முன்னோரை வாய்மொழியாகக் கூறச் செய்து எழுதினர். வீட்டையும் நிலத்தையும் ஏட்டையும் இழந்த மனிதர், பாட்டன் பூட்டன் பெயர்களையும் பாட்டி பூட்டி பெயர்களையும், அவர் பிறந்த ஊர்களையும் சொல்லச் சொல்ல, எழுதுவோர் எழுதினர். அவ்வாக்குமூலங்கள் இன்று அக்காடிய ஆராய்ச்சிக்கு விலைமதிப்பற்ற கருவூலம்.

நாம் கொள்ளத்தக்கது

சிதறிய இவ்வேடுகளை ஒருங்கு திரட்டிய பெருமை அறிஞர் பலர்க்கு உரியது. சிப்ரியான் தங்கே என்னும் குருவானவர் ஊர் ஊராகச் சென்று ஏடுகளைப் படித்து, 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகள் கொண்ட பரம்பரை அகராதியை வெளியிட்டார். 1966இல் மொன்றியல் பல்கலைக்கழகத்திற் குடித்தொகை வரலாற்று ஆய்வு தொடங்கிற்று. 1799 வரையுள்ள ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகளைக் கணினியில் ஏற்றி, ஒரே மனிதருக்குரிய குறிப்புகளை ஒன்றோடொன்று இணைத்தனர். இன்று பரம்பரை நோய்களை ஆராயும் மருத்துவருக்கும் இவ்விணைப்புகள் பயன்படுகின்றன. எழுதியவர் கனவிலும் கருதாத பயன் இது.

இவற்றை நோக்கும்போது, பரம்பரை என்பது இரத்தத்தின் உயர்வன்று, எழுதிவைக்கும் ஒழுக்கத்தின் பயனே என்பது எனக்குத் தெளிவாகின்றது. தச்சனை நிலைக்கச் செய்தது அவன் குலமன்று. குளிரில் விரல் விறைக்க இறகுப் பேனாவால் எழுதிய ஒருவரும், அவர் எழுதிய இரண்டாம் பிரதியும் ஆகும்.

இதனை யாழ்ப்பாணத்தவனாகிய நான் எழுதும்போது, ஒற்றைப் பிரதிகளின் நினைவு எழாதிருத்தல் இயலாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதியில்லா ஓலைச்சுவடிகளும் அவற்றோடு போயின. பின்வந்த இடப்பெயர்வுகளில் எத்தனை வீடுகளின் உறுதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் சாதகக் குறிப்புகளும் வழியிலே தவறின!

நம் மக்கள் பலர் இன்று மொன்றியலிலே வாழ்கின்றனர். அவர்தம் பிள்ளைகளின் பிறப்பு அதே கியூபெக் நாட்டுப் பதிவில் ஏறுகின்றது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயரே அங்கே குடும்பப் பெயராகி, அண்ணன் வழியில் ஒன்றும் தம்பி வழியில் ஒன்றுமாக உறைந்து நிற்கின்றது. அந்நாட்டுச் சட்டம் தாயின் பிறந்த வீட்டுப் பெயரை விட்டுவைக்கும். ஆயின் அவளுடைய ஊர் எது, அவளுடைய தாய் யார் என்பதை வினவாது. இருநூறு ஆண்டுகளின் பின் ஒரு பெண் தன் முன்னோரைத் தேடிப் புறப்பட்டால், கெரூவாக் இடறிய அதே படியில் அவளும் இடறுவாள்.

ஆதலின் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு சிறு வேண்டுகோள். வீட்டில் முதியோர் இருப்பின் அவரருகில் அமர்ந்து கேளுங்கள்: பாட்டியின் தாய் பெயர் என்ன, அவர் எவ்வூரிற் பிறந்தார், எவ்வாண்டில் மணம் நிகழ்ந்தது, வீட்டிலே வேலை செய்து வாழ்ந்து மறைந்தோரின் பெயர் யாது? கேட்டதைத் திகதியோடு எழுதுங்கள். எழுதியதை இரண்டு பிரதியாக்கி, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள்.